பழைய வண்டியும் புதிய பிரேக்கும்

சொந்தப் பணம் கொடுத்து வாங்கிய பொருளை ஒருவன் தன் இஷ்டம்போல் மாற்றிக் கொள்ளலாமா? கேட்ட மாத்திரத்தில், 'இதில் என்ன சந்தேகம்?' என்றுதான் சொல்லத் தோன்றும். வாங்கிய சட்டையின் கையைக் குட்டையாக வெட்டித் தைத்துக் கொள்வதற்கு நாம் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால், பாட்டி கழுத்தில் கிடந்த காசுமாலையை அழித்து வளையல் செய்துகொள்ளப் போகிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மாலை அவளுடையதுதான். ஏன் என்று கேட்க ஆள் இல்லை. ஆனாலும், ஆசாரி அதை உருக்குவதற்குக் கையில் வாங்கும்போது அவள் ஒரு கணம் தயங்குகிறாள். உரிமை முழுவதும் தன்னிடம் இருக்கும்போது இந்தத் தயக்கம் எதற்காக?

இதற்கு விடை தேட, வாசகர்களைக் கொஞ்சம் தொலைவான இடத்துக்கு அழைத்துப் போகிறேன். இங்கிலாந்தில் நடுத்தரக் குடும்பங்களின் வீட்டை ஒட்டிய கொட்டகைகளில் சனி, ஞாயிறுகளில் ஒரு காட்சியைக் காணலாம். வாரம் முழுவதும் ஆபீசில் கணக்கு எழுதியவர், அல்லது பள்ளியில் பாடம் சொன்னவர், எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு ஒரு பழைய லேண்ட் ரோவர் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்திருப்பார். காடு, மேடு, சேறு எல்லாவற்றிலும் போவதற்கென்று, நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும்படி அமைந்த வண்டி அது. நம் ஊரில் ஜீப் என்றவுடன் மனத்தில் எழும் உருவத்துக்குத் தம்பி முறை. வண்டிக்கு அறுபது, எழுபது வயது. அவருக்கோ ஸ்பேனர் பிடித்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. ஏன் இந்தப் பாடு என்று கேட்டால் அவர் சிரிப்பார். ஆனால் அவர் தினமும் எதிர்கொள்கிற கேள்வி, காசுமாலைக்காரியின் கேள்விதான். எதை வைத்துக் கொள்வது? எதை மாற்றுவது?

முதலில் வண்டியின் பிறப்பைச் சொல்லிவிட வேண்டும். ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவருக்கு வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆங்கில்ஸித் தீவில் கொஞ்சம் நிலம் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், பட்டாளம் கழித்துவிட்ட அமெரிக்க ஜீப் ஒன்றை அவர் அங்கே பண்ணை வேலைக்கு வைத்திருந்தார். அது உழைத்தது, ஆனால் தேய்ந்துகொண்டும் வந்தது. இதற்குப் பதிலாக நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றிய எண்ணம்தான் லேண்ட் ரோவர். 1947-இல் செய்து பார்த்த முதல் மாதிரி வண்டிக்கு ஜீப்பின் சேஸிஸையே அடியில் போட்டார்கள். 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் உலகம் அந்த வண்டியைப் பார்த்தது.

போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் இரும்புத் தகடு எளிதில் கிடைக்காது, அரசாங்கத்தின் பங்கீடு. அலுமினியக் கலவைத் தகடு கிடைத்தது. வண்டியின் மேற்கூடு அதனால் ஆயிற்று. வளைத்து அழுத்தி உருக்கொடுக்கப் பெரிய அச்சுகள் செய்யப் பணமும் இல்லை, அவகாசமும் இல்லை. ஆகவே பக்கங்கள் தட்டையாக நின்றன. பட்டாளத் தேவைக்கென்று செய்து மிஞ்சிய பச்சை வர்ணம் மலிவாகக் கிடைத்தது, வண்டி பச்சையாயிற்று. இரண்டு மூன்று வருஷம் விற்றால் போதும், அதற்குள் கார் விற்பனை தலையெடுத்துவிடும் என்றுதான் கம்பெனியார் கணக்குப் போட்டார்கள். கணக்கு பொய்த்தது. 'சீரிஸ்' என்று வழங்கும் அந்த வரிசை 1985 வரை வந்தது. அதன் வாரிசு 2016 ஜனவரியில்தான் ஸாலிஹல் தொழிற்சாலையில் நின்றது. அந்தக் கம்பெனியை 2008-இல் நம் டாடா நிறுவனம் வாங்கியது என்பது தனிக் கதை.

இந்த வரலாற்றில் சிந்திக்கத் தக்க ஒன்று இருக்கிறது. இன்று கொட்டகையில் படுத்திருக்கும் நம் நண்பர், 'அசல்' வண்டி வேண்டும் என்று தவம் கிடக்கிறார். அதே வெளிர் பச்சை கிடைக்குமா என்று கடை கடையாக அலைகிறார். ஆனால் அந்தப் பச்சையை யாரும் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. வறுமை கொடுத்த நிறம் அது. அந்த அசலே இன்னொரு வண்டியைப் பிரித்து, ஒட்டி, திருத்திப் பார்த்ததில் பிறந்தது. கம்பெனிக்காரர்களும் அதைப் பிறந்த கோலத்திலேயே விட்டு வைக்கவில்லை. 1.6 லிட்டர் எஞ்சினும் ஐம்பது குதிரைச் சக்தியுமாகப் புறப்பட்ட வண்டிக்குச் சில ஆண்டுகளிலேயே 2 லிட்டர் எஞ்சின் வந்தது; 1957-இல் டீசல் வந்தது; 1958-இல் உருவமே கொஞ்சம் மாறி இரண்டாம் வரிசை வந்தது. செய்தவர்களே மாற்றிக்கொண்டு வந்ததை வாங்கியவன் மாற்றக் கூடாது என்பதற்கு என்ன நியாயம்?

இப்படிக் கேட்பவர்கள் ஒரு கட்சி. பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பிற்காலத்து டீசல் எஞ்சினை வைப்பார்கள். ஸ்டியரிங் சக்கரத்தை ஒரு விரலால் திருப்பும்படி செய்வார்கள். இப்போது எஞ்சினையே எடுத்துவிட்டு மின்சார மோட்டாரும் பாட்டரியும் வைக்கிறவர்களும் உண்டு. எதிர்க் கட்சியினர் இதைக் கேட்டாலே காதைப் பொத்திக் கொள்வார்கள். அவர்களுக்கு ஒரு போல்ட்டின் தலைகூட அந்தக் காலத்துப் போல்ட்டின் தலையாக இருக்க வேண்டும்.

இந்தச் சண்டை புதியதல்ல. கிரேக்க அறிஞர் புளூட்டார்க் ஒரு கப்பலைப் பற்றி எழுதியிருக்கிறார். தீசியஸ் என்ற வீரன் ஏறிவந்த கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பாதுகாத்து வந்தார்கள். பலகை உளுத்தால் அதை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைப்பார்கள். நாளடைவில், இது அதே கப்பல்தானா, வேறு கப்பலா என்று தத்துவ வாதிகள் இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவஞானி ஹாப்ஸ் இன்னும் ஒரு முடிச்சுப் போட்டார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து, அதே வரிசையில் பூட்டி இன்னொரு கப்பல் செய்துவிட்டால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

தத்துவ வாதிகள் தீர்க்காததை ஆங்கில அரசாங்கத்தின் மோட்டார் இலாகா ஒரு புள்ளிக் கணக்கால் தீர்க்கப் பார்த்தது. மாற்றிக் கட்டிய வண்டி தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ள வேண்டுமானால் 8 புள்ளியாவது பெற வேண்டும் என்று அது நெடுங்காலம் ஒரு விதியைக் கையாண்டு வந்தது. சேஸிஸுக்கு 5 புள்ளி. ஸ்பிரிங் முதலிய தாங்கிகளுக்கு 2, அச்சுகளுக்கு 2, கியர்ப்பெட்டி வகைக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2. எஞ்சினுக்கு எவ்வளவு தெரியுமா? ஒன்றே ஒன்று! எஞ்சின்தான் வண்டியின் உயிர் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். சட்டமோ, எலும்புக் கூட்டில்தான் அதன் அடையாளம் இருக்கிறது என்றது. அந்தச் சேஸிஸும் பழையதாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. அதே அமைப்பில் புதிதாகச் செய்தது என்றாலும் 5 புள்ளி உண்டு. ஏதென்ஸ் நகரத்தார் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

ஆனால் எனக்குத் தோன்றுகிறது, புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவனுக்கு 'இது அதே வண்டியா?' என்ற கேள்வி முதற் கேள்வி ஆகாது. 'நான் யாருக்குக் கடமைப்பட்டவன்?' என்பதே அவனுடைய முதற் கேள்வி. அவனுக்கு மூன்று பேர் கடன் கொடுத்தவர்கள். வண்டியைச் செய்தும் ஓட்டியும் போனவர்கள் ஒருவர். இன்று அதே சாலையில் எதிரே வருகிறவர்கள் ஒருவர். நாளை அதை அவனிடமிருந்து வாங்கப் போகிறவர் ஒருவர். அசலா மாற்றமா என்று சண்டை போடுகிற இரு கட்சியினரும் முதலாமவரைப் பற்றியே பேசுகிறார்கள். மற்ற இருவரை மறந்து போகிறார்கள்.

வேலை தொடங்கும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். அனுபவம் இல்லாதவனுக்கு முதலில் வருகிற ஆசை வர்ணம் பூசுவது. பார்க்க அழகாக இருக்கும். அக்கம் பக்கத்தார் பாராட்டுவார்கள். இந்த வண்டியிலோ அந்த ஆசை மிகப் பெரிய மோசம். மேற்கூடு அலுமினியம், துருப் பிடிக்காது. எழுபது வருஷம் ஆனாலும் கழுவித் துடைத்தால் பளிச்சென்று நிற்கும். அடியில் உள்ள சேஸிஸ் இரும்பு. உள்ளே குழலாக இருப்பதால் சேறும் ஈரமும் அதனுள் புகுந்து தங்கி, உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். ஓட்டுபவரின் கால்களுக்கு முன்னே நிற்கும் இரும்புத் தடுப்புச் சுவரும் அப்படியே. ஆகவே அனுபவசாலிகள் அந்த வண்டியைக் கண்ணால் பார்ப்பதைவிடச் சுத்தியலால் தட்டித்தான் பார்ப்பார்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். உளுத்த இரும்பு மந்தமாக முனகும். அழகான மேனிக்குள் உளுத்துப்போன எலும்பு! மனிதர்களிலும் இந்த ரகத்தை நாம் பார்த்திருக்கிறோம்.

எலும்பை நேராக்கிய பிறகு வருவது பிரேக். பழைய வண்டியில் நான்கு சக்கரங்களின் பிரேக்குக்கும் எண்ணெய் ஒரே வழியாகத்தான் போகிறது. எங்காவது ஒரு குழாயில் துளை விழுந்தால் நான்கும் கைவிட்டுவிடும். பிற்காலத்து வண்டிகளில் இரண்டு வழிகள் வைத்தார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும். அந்தக் காலத்து பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும்; அதன் தூசியை ஊதித் துடைத்தால் நுரையீரலுக்குத் தீராத கேடு. 1999-இல் இங்கிலாந்து கல்நாரைத் தடை செய்துவிட்டது. அசல்தான் வேண்டும் என்று விரதம் பூண்டவர்களும் இந்த ஓர் அசலை விட்டுவிட வேண்டியதாயிற்று. செய்தவர்கள் இன்று இருந்தால் தாங்களும் இதை விட்டிருப்பார்கள். முன்னோரை மதிப்பது என்றால் அவர்கள் அறியாமல் செய்ததையும் திருப்பிச் செய்வது என்று அர்த்தமாகாது.

இந்த இடத்தில் அந்த நாட்டுச் சட்டம் ஒரு விசித்திரம் செய்கிறது. அங்கே வண்டிகளை ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோய்ச் சான்று வாங்க வேண்டும். 2018 மே மாதத்திலிருந்து, நாற்பது வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு அந்தச் சோதனை வேண்டாம் என்று விலக்களித்துவிட்டார்கள். வண்டி சாலையில் ஓடத் தக்கதாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு மட்டும் உடையவன் தலைமேல் அப்படியே இருக்கிறது. முப்பது வயது வண்டியை அரசாங்கம் குனிந்து பார்க்கிறது. எழுபது வயது வண்டியை உடையவனின் மனச்சாட்சியிடம் விட்டுவிடுகிறது. ஆறு மாதம் ஸ்பேனர் பிடித்தவன், தானே பூட்டிய பிரேக்கோடு, யாருடைய கையெழுத்தும் இல்லாமல் குழந்தைகள் பள்ளிவிட்டு வரும் சாலையில் வண்டியை எடுத்துச் செல்லலாம். 'செல்லலாம்' என்று சட்டம் சொன்னால் போதுமா?

போதாது. 'என் வண்டி, என் இஷ்டம்' என்ற வாதம் கொட்டகைக் கதவு வரைக்கும்தான் செல்லும். கதவைத் தாண்டிச் சாலையில் சக்கரம் பட்டவுடன் அந்த பிரேக் எதிரே வருகிற முன்பின் தெரியாத மனிதருக்கும் சொந்தம். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவர் ஒருவரிடம் வண்டியைக் காட்டி, அவர் சரி என்ற பிறகு ஓட்டுவதில் ஒரு குறைவும் இல்லை. விலக்கு இருந்தும் தம் பழைய வண்டியைத் தாமாகவே சோதனைக்குக் கொண்டு போகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள் என்று அவர்களைத்தான் சொல்வேன். பழைய பிரேக் குற்றமல்ல. அதை ஒழுங்காக வைத்து, அதற்குத் தக்க வேகத்தில் போகிறவன் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. பழுதான பிரேக்கை 'பழமை' என்று சொல்லிப் பெருமை கொள்வதுதான் குற்றம்.

புதுமைக் கட்சிக்கும் இதே அளவுகோல்தான். மணிக்கு எண்பது கிலோமீட்டர் எட்டுவதே பாடாக இருந்த வண்டிக்கு, அதைப்போல் இரண்டு பங்கு வலிவுள்ள எஞ்சினை ஒருவன் வைக்கிறான். நண்பர்கள் முதுகில் தட்டிக் கொடுக்கிறார்கள். அந்த வேகத்தை நிறுத்துவதற்கு பிரேக்கை மாற்றினானா, ஸ்டியரிங்கைச் செப்பனிட்டானா, இருக்கைக்கு வார் போட்டானா என்று கேட்டால் விழிக்கிறான். வலிமையைக் கூட்டிக்கொண்டு அடக்கத்தைக் கூட்டாமல் விட்டவன் கையில் வண்டி மட்டுமா ஆபத்து? பணமும் பதவியும்கூட அப்படித்தான். எஞ்சினைத் தொடுவதற்கு முன் பிரேக்கைத் தொடு என்பது பட்டறைகளில் சொல்லும் எளிய புத்திமதி. வீட்டுக்கும் நாட்டுக்கும் அது பொருந்தும்.

சரி, பிரேக்கும் வாரும் போட்டாயிற்று; பிறகு எவ்வளவு தூரம் மாற்றலாம்? இதற்குப் புள்ளிக் கணக்கு போட முடியாது. ஆனால் ஒன்று கேட்டுக் கொள்ளலாம். இந்த மாற்றம் வண்டியை அதன் வேலைக்கு மீட்டுக் கொடுக்கிறதா, அல்லது அதன் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் துரத்துகிறதா? குளிரூட்டி, மெத்தை, விரலால் திரும்பும் ஸ்டியரிங், சத்தமே இல்லாத எஞ்சின் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முடித்த பிறகு, பழைய வண்டியில் அவனுக்குப் பிடித்தது என்னவாக இருந்தது என்றே தெரியாமல் போய்விடும். தாத்தாவின் படத்தை மட்டும் கூடத்தில் மாட்டிவிட்டு, தாத்தாவைப் பின்கட்டுக்கு அனுப்புகிற வீடுகள் உண்டு. அதைப் போன்ற அன்பு அது.

வேலைக்கு மீட்பது எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1955-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழக மாணவர் அறுவர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, நம் நாட்டின் வழியாகவும் வந்து, 1956-இல் சிங்கப்பூரை அடைந்தார்கள். அவர்களில் ஒருவரான டிம் ஸ்லெஸர் அந்தப் பயணத்தை நூலாக எழுதினார். 'ஆக்ஸ்போர்டு' என்று பெயர் சூட்டப்பட்டிருந்த வண்டி பிற்காலத்தில் அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினாத் தீவில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதைக் கண்டெடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டு வந்து ஓடச் செய்தார்கள். 2019-இல் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஓடியே திரும்பி வந்தது. எண்பது வயதைக் கடந்த ஸ்லெஸரும் அதில் வர இருந்தார். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. அவருடைய இடத்தில் அவர் பேரன் உட்கார்ந்து வந்தான்.

அந்த வண்டியின் எந்த ஆணி பழையது, எந்த ஆணி புதியது என்று எண்ணிக் கொண்டிருக்க எனக்குத் தோன்றவில்லை. தாத்தாவின் இடத்தில் பேரன் உட்கார்ந்ததை 'அசலல்ல' என்று யாராவது சொல்வார்களா? அவன் தாத்தா வேடம் போடவில்லை, பேரனாகத்தான் வந்தான். மாற்றுப் பாகத்துக்கும் அதுவே தர்மம். புதியது புதியதாகவே வந்து பழையதன் வேலையைச் செய்யட்டும். பழையதைப் போல நடித்தால்தான் வம்பு.

அப்படி நடிக்கிற வியாபாரமும் நடக்கத்தான் செய்கிறது. செத்துப்போன வண்டியின் எண் தகட்டைக் கழற்றி, எங்கோ பொறுக்கிச் சேர்த்த பாகங்களின்மேல் ஆணியடித்து, 'முதல் வரிசை வண்டி' என்று விலை கூறுவார்கள். புதுத் தகட்டைச் செயற்கையாகக் கறைப்படுத்தி வயதேற்றுவார்கள். இங்கே ஏமாறுகிறவர், நான் சொன்ன மூன்றாவது கடன்காரர். அவர் கொடுக்கிற பணத்தில் பாதி, வண்டியின் கதைக்காகக் கொடுப்பது. கதை பொய்யென்றால் அது கள்ள நோட்டை மாற்றுவதற்குச் சமானம். பழைய வாகனங்களைப் பேணுவதற்கென்று உலக அளவில் வகுத்திருக்கும் நெறிகளிலும், செய்த வேலை ஒவ்வொன்றையும் எழுதி வைக்க வேண்டும், மாற்றிய பாகம் எது என்று பின்னால் வருகிறவர் அறியும்படி வைக்க வேண்டும் என்ற கருத்து வற்புறுத்தப்படுகிறது.

ஆகவே, காசுமாலைக்காரியின் தயக்கத்துக்கு என் விடை இது. உரிமை இல்லாததால் வந்த தயக்கம் அல்ல அது. நமக்கு முன்னால் ஒருவர் கையில் இருந்து, நமக்குப் பின்னால் ஒருவர் கைக்குப் போகப் போகிற பொருளுக்கு, நடுவில் நிற்கிறவன் தர்மகர்த்தாவைப் போன்றவன். தர்மகர்த்தா கதவைப் பழுது பார்க்கலாம். புது விளக்குப் போடலாம். ஆனால் கணக்கு எழுதி வைக்காமல் ஒரு குத்துவிளக்கைக்கூட இடம் மாற்றக் கூடாது.

இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவனுக்கு ஸ்பேனர் செட்டைவிட முக்கியமான சாமான்கள் இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, ஒரு கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில் எதைக் கழற்றினான், எதைப் பூட்டினான், எதைப் பிறரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான் என்று அதில் எழுதட்டும். மற்றொன்று, ஒரு மரப்பெட்டி. கழற்றிய பழைய பாகங்களைத் துடைத்து, எண்ணெய் தடவி, சீட்டுக் கட்டி அதில் போட்டு வைக்கட்டும். அவன் செய்த மாற்றம் தவறு என்று பின்னால் வருகிற ஒருவனுக்குத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் மறுபடியும் பழையபடி பூட்டிக்கொள்ள அந்தப் பெட்டி வேண்டும். பிரேக் எண்ணெய்க் குழாயை மட்டும் பெட்டியில் போட வேண்டாம். அதை யாரும் மறுபடி பூட்டாதபடி வளைத்து, பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம்.